எப்போதிலிருந்து என்று ஏன் கேட்கவில்லை?

2021 மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் கொரோனா என்றார்கள். ஒன்பது நாள் காய்ந்தது, பத்தாம் நாள் விட்டது. மூச்சுத் திணறவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்கள் தெருத்தெருவாக அலைந்த மாதம் அது. 'தப்பிச்சிட்ட' என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஜூன் கடைசியில் வங்கிக்குப் போய் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன்.

ஒரு ஐநூறு ரூபாய்க் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வரை எண்ணிவிட்டேன். அடுத்த எண் வரவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னால் சரியாக இருக்காது. மறந்துபோனதைத் தேடினால் அதன் வாலாவது அகப்படும். இங்கே தேடுவதற்கு இடமே இல்லை. வரிசையில் நின்றவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 4,500 ரூபாய் குறைந்தது. கைக்காசைப் போட்டுக் கட்டினேன். அடுத்த மாதம் இன்னொரு தடவை குறைந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: 'கோட்டாவுல வந்தா கணக்கு எப்படி வரும்?' சத்தமாகச் சொல்லவில்லை. என் காதில் விழுகிற அளவுக்குச் சொன்னார்.

அதற்கு முன் எட்டு வருஷம் அதே வேலையைச் செய்தவன் நான். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்ததில்லை. அந்த எட்டு வருஷத்தில் ஒருநாளும் யாரும் 'கோட்டாவுல வந்தவன், கணக்கு எவ்வளவு சுத்தமா இருக்கு' என்று சொன்னதில்லை. சரியாக இருந்தபோது அது என் சாதியின் கணக்கில் வரவாகவில்லை. தப்பியபோது மட்டும் உடனே பற்று எழுதிவிட்டார்கள்.

அதே கிளையில் இன்னொருவருக்கும் அதே அலையில் கொரோனா வந்தது. ஆதிக்கசாதிக்காரர், நல்ல மனிதர். அவரும் தடுமாறினார். பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் வார்த்தை வராமல் கையை ஆட்டுவார். 'பிரெயின் ஃபாக் சார், கொஞ்ச நாள் இருக்குமாம்' என்று அவரே சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மூன்று மாதத்துக்கு அவரை கேஷிலிருந்து எடுத்து உள்வேலை கொடுத்தார்கள். கொடுத்தது சரிதான், அதில் எனக்குப் புகாரில்லை. எனக்கு வந்திருப்பதற்கும் ஒரு பெயர் உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டதே அவர் வாயிலிருந்துதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரே காய்ச்சல், ஒரே தடுமாற்றம். அவருக்கு வந்தது நோயாகவும் எனக்கு வந்தது பிறவிக் குணமாகவும் எப்படி ஆனது?

மருத்துவம் தெரிந்த யாரும் நோயாளியிடம் முதலில் கேட்பது, 'எப்போதிலிருந்து?' சாதிக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. அதனிடம் பதில் முன்பே இருக்கிறது: 'பிறப்பிலிருந்தே.' இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு சொற்களைப் பற்றியதுதான்.

*

எங்கள் இண்டூர் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருக்கிறது. காலனியில் எனக்கு அத்தை முறையாகிற ஒருத்தி பஞ்சாயத்தில் குப்பை அள்ளுகிறாள். இரண்டாம் அலையில், கொரோனா வந்து கதவடைத்துக்கொண்ட வீடுகளின் குப்பையையும் அவள்தான் எடுத்தாள். 2020 மே 3 அன்று ஆஸ்பத்திரிகள்மேல் ராணுவ ஹெலிகாப்டர்கள் பூத் தூவியதை டிவியில் பார்த்தோமே, அந்தப் பூ இந்தப் பக்கம் விழவில்லை. அந்த வருஷம்தான் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் வந்தது, கையுறை அப்போதைக்கப்போதுதான் வந்தது.

அவளுக்கும் காய்ச்சல் வந்தது. பரிசோதிக்கவில்லை. பரிசோதித்து 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் பதினாலு நாள் கூலி போகும் என்று பயந்தாள். நான்காம் நாளே வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ராத்திரி தூக்கமில்லை. பாத்திரம் உருண்டால் மண்டைக்குள் அடிக்கிறது என்று காதைப் பொத்திக்கொள்வாள். ஒரு தெருவைக் கூட்டி முடித்து, முக்கில் வண்டியோடு நின்றுவிடுவாள், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல். அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. காரணமில்லாமல் அழுகை, அதைவிடக் காரணமில்லாமல் கோபம். 'எனுக்குக் காய்ச்சல் இல்ல கண்ணு. ஆனா எனுக்கு நல்லாவும் இல்ல' என்றாள்.

ஊரில் இதற்கு மூன்று பெயர் கிடைத்தது. வேலை வாங்குகிறவர்கள் 'சோம்பேறித்தனம்' என்றார்கள். அக்கம்பக்கத்தில் 'காத்து கருப்பு' என்றார்கள். செத்தவன் வீட்டுக் குப்பையை எடுத்தாள் அல்லவா, அவன் ஆவி பிடித்துவிட்டதாம். கோவிலுக்குக் கூட்டிப்போய் மூன்று அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். இரண்டு நிமிஷம். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, 'மனசுல எதையும் வெச்சிக்காதம்மா' என்றார்கள். இது மூன்றாவது பெயர்: மனசு. காய்ச்சல் எப்போது வந்தது, அதற்கு முன் எப்படி இருந்தாய் என்று இந்த மூன்று இடத்திலும் யாரும் கேட்கவில்லை. குப்பை அள்ளுகிற பொம்பளை மந்தமாக நிற்கிறாள் என்றால் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற பொதுப்புத்திதான்.

*

உலகம் கேட்டிருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வாதாட நமக்கு அது தேவை.

2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இந்த நிலைக்கு ஒரு வரையறை கொடுத்தது. கொரோனா வந்து வழக்கமாக மூன்று மாதம் ஆன பிறகும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள். களைப்பு, மூச்சிரைப்பு, சிந்தனைத் தடுமாற்றம் ஆகியவை இதில் முக்கியமானவை. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தொற்று 'உறுதியானவர்கள்' மட்டுமல்ல, 'வந்திருக்கலாம் என்று கருதத்தக்கவர்களும்' இந்த வரையறைக்குள் வருகிறார்கள். அதாவது, பரிசோதனைச் சீட்டு இல்லாத எங்கள் அத்தையும் வருகிறாள். நம்மூர் ஆபீஸ்களில் சீட்டைக் காட்டு என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2,36,379 நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2021இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் எழுதினார்கள். கொரோனா வந்து ஆறு மாதத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு நரம்பு நோயோ மன நோயோ பதிவாகியிருந்தது. இந்த ஆபத்து சாதாரண ஃப்ளூ காய்ச்சல் வந்தவர்களுக்கு இருப்பதைவிட 44 சதவீதம் அதிகம். அதே குழு 2022இல் இரண்டு வருஷக் கணக்கைப் பார்த்தது. மனச்சோர்வும் பதற்றமும் சில மாதங்களில் மற்றவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் சிந்தனைத் தடுமாற்றமும் வலிப்பும் போன்றவை இரண்டு வருஷம் கழித்தும் கூடுதலாகவே இருந்தன. 'எல்லாம் மனசு' என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கவலையால் மட்டும் வந்ததென்றால் கவலை இறங்கியபோது இதுவும் இறங்கியிருக்க வேண்டுமே.

இங்கிலாந்தில் 1,12,964 பேருக்கு நினைவு, கவனம், யோசனை ஆகியவற்றைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் வந்து முழுக்கத் தேறியவர்களுக்கே, நோய் வராதவர்களைவிட சுமார் 3 ஐ.க்யூ. புள்ளிக்குச் சமமான குறைவு. தொந்தரவு நீடித்தவர்களுக்கு 6. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தவர்களுக்கு 9. ஐ.க்யூ. என்கிற அளவுகோலின் இனவாத வரலாறு நமக்குத் தெரியும். யார் மனிதன், யார் பாதி மனிதன் என்று பிரிப்பதற்கு அது பயன்பட்டிருக்கிறது. அதே அளவுகோல் இப்போது வேறொன்றைச் சொல்கிறது பாருங்கள்: புத்தி என்பது பிறப்பில் முத்திரை குத்தி அனுப்பப்படுவதல்ல. ஒரு காய்ச்சல் அதைக் கொஞ்சம் கரைக்கும். ஓய்வும் சிகிச்சையும் காலமும் பலருக்கு அதைத் திருப்பித் தரும்.

கிருமி மூளையைத் தின்றுவிடுகிறது என்று பயப்பட வேண்டாம். கிருமியை எதிர்க்க உடம்பு மூட்டிய தீ அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் புகைவது, மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவது என்று பல காரணங்களைச் சேர்த்துத்தான் விளக்குகிறார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கு இது வருகிற வாய்ப்பு குறைகிறது. மெல்ல மெல்லத் தேறியவர்கள் நிறைய. நானும் பெருமளவு தேறியவன்தான்.

*

இதைத் தோழர்களிடம் சொன்னபோது இரண்டு மறுப்பு வந்தது.

முதலாவது: 'கிருமிக்கு ஏது சாதி? எல்லாருக்கும்தானே வருது?' வாஸ்தவம். கிருமிக்குச் சாதி இல்லை. ஆனால் வீட்டுக்கு இருக்கிறது, வேலைக்கு இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலுக்கு இருக்கிறது. 1918 இன்ஃப்ளுயன்சாவில் பம்பாய் நகரத்தில் யார் எவ்வளவு செத்தார்கள் என்று வெள்ளைக்காரன் கணக்கு எடுத்தான். ஆயிரத்துக்கு ஐரோப்பியர் 8.3 பேர். சாதி இந்துக்கள் 18.9 பேர். 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அவன் எழுதிவைத்தவர்கள் 61.6 பேர். சாதி இந்துக்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்காவது நமக்குக் கிடைத்தது. 2020-21இல் கொரோனா மரணங்களை அரசு சாதிவாரியாக வெளியிடவேயில்லை. ஊரடங்கில் நடந்தே செத்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, தகவல் இல்லை என்று பதில் வந்தது. 2020, 2021 இரண்டு வருஷத்தில் இந்தியாவில் கொரோனாவை ஒட்டிய கூடுதல் மரணங்கள் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. செத்தவனையே எண்ணாத நாடு, பிழைத்துத் தடுமாறுகிறவளையா எண்ணப்போகிறது?

இரண்டாவது மறுப்பு நம் இடதுசாரித் தோழர்களுடையது: 'இதெல்லாம் நடுத்தர வர்க்கத்து வியாதி தோழர். நம்ம ஜனங்களுக்குப் பசிதான் வியாதி. வேலை போச்சு, கடன் ஏறிச்சு, சாவு விழுந்துச்சு. தூக்கம் எப்படி வரும்?' இதில் உண்மை உண்டு. ரத்தசோகையும் சர்க்கரையும் தைராய்டு கோளாறும் காசநோயும்கூட ஆளைக் களைப்பாக்கும், மறக்கடிக்கும். அதனால்தான் வேறு காரணம் இல்லை என்று பார்த்த பிறகே கொரோனாவைச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். ஆனால் வேறு காரணம் இல்லை என்று காட்டுவதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். பரிசோதனைக்கு ஒருநாள் கூலியும் பஸ் செலவும் வேண்டும். பசியும் கிருமியும் தனித்தனி வரிசையில் நின்று தாக்குவதில்லை. பசித்த உடம்பில் கிருமி நின்று விளையாடுகிறது, கிருமி தொட்ட உடம்பு கூலியை இழந்து மறுபடி பசிக்கிறது. வியாதி நடுத்தர வர்க்கத்துடையது அல்ல, வியாதிக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் வசதிதான் அவர்களுடையது.

*

காய்ச்சல் விட்ட பிறகும் விடாமல் இருப்பது கொரோனாவோடு தொடங்கிய கதை இல்லை. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக அரசே கணக்குச் சொன்னது. மாதக்கணக்கில் கைகால் மடக்க முடியாமல் கிடந்தவர்களை நம் தெருவிலேயே பார்த்தோம். களை எடுக்கக் குனிய முடியாதவளைப் 'பாவனை பண்றா' என்றார்கள்.

அதற்கும் முந்தையது மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதர்களிடம் முதலில் கண்டறியப்பட்டது நம் பக்கத்து வேலூரில், 1955இல். மூளை வீங்குகிற அளவுக்குப் போனவர்களில் 30 சதவீதம் வரை சாகிறார்கள். 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நரம்புக் கோளாறோ மனக் கோளாறோ நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைகள். பிழைத்து எழுந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருகிறது. பாடம் ஏறவில்லை, ஒரு இடத்தில் உட்காரவில்லை, திடீரென்று அடிக்கிறது. வாத்தியார் என்ன சொல்வார்? காய்ச்சலுக்கு முன் எப்படிப் படித்தாய் என்றா கேட்பார்? சேரிப் பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்ப ஒரு காய்ச்சலா வேண்டும்?

இந்த மூளைக்காய்ச்சல் விஷயத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்தக் கிருமி பன்றியின் உடம்பிலும் கொக்கு நாரைகளின் உடம்பிலும் பெருகுகிறது. ஒரு வகைக் கொசுதான் அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. பன்றி என்றதும் ஊருக்குச் சேரி ஞாபகம் வந்துவிடும். பன்றி வளர்க்கிறவனைத் துரத்து, குடிசையைப் பிரி. ஆனால் அந்தக் கொசு முக்கியமாக முட்டையிடுவது தேங்கிநிற்கிற நெல்வயல் தண்ணீரில். வயல் யாருடையது? அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. நோயின் கணக்கிலும் பன்றி நம் பேரில், வயல் அவன் பேரில்.

அதே 1955இல் லண்டனிலும் ஒன்று நடந்தது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 ஊழியர்கள் காய்ச்சல்போல ஒன்றில் விழுந்தார்கள். நிறையப் பேர் நர்சுகள். காய்ச்சல் போய், களைப்பும் வலியும் நினைவுத் தடுமாற்றமும் நின்றது. 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளில் ஒருவரையும் நேரில் பார்க்காமல், காகிதங்களை மட்டும் புரட்டிவிட்டு, 'இது கூட்டு ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது! படித்த, வெள்ளைக்கார, ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை பார்த்த பெண்களுக்கே இந்தக் கதி. அவர்களுக்கு 'பெண் புத்தி' என்ற ஒரு முத்திரைதான். எங்கள் அத்தைக்குப் பெண் புத்தி, பற புத்தி, கைநாட்டு புத்தி என்று மூன்று முத்திரை.

*

இந்த நோய்க்கு முதல் மருந்து ஓய்வு. இதில் பலருக்கு ஒரு விசித்திரம் இருக்கிறது. இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று இழுத்துப்போட்டு வேலை செய்தால், நாளைக்கோ மறுநாளோ ஆள் சுருண்டு விழுந்துவிடுகிறார். வம்படியாகப் பயிற்சி செய்யவைத்தால் நோய் கூடுகிறது. இதேபோன்ற நெடுங்களைப்பு நோய்க்கு, உடற்பயிற்சியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும் முறையைக் கைவிடச் சொல்லி இங்கிலாந்து 2021இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது. தன் பலத்தை அளந்து, பாதியிலேயே நிறுத்தி, உட்கார்ந்து, மறுபடி தொடங்க வேண்டும்.

இதை யார் செய்ய முடியும்? ஓய்வு ஒரு சொத்து. நிலம்போல, வீட்டுமனைபோல, தலைமுறையாகச் சிலரிடம் குவிந்து கிடக்கிற சொத்து. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு எடுக்க எனக்கு முடிந்தது, நான் அமைப்புசார்ந்த வேலையில் இருப்பதால். அந்த வேலை அம்பேத்கர் வாங்கிக்கொடுத்தது. என் அத்தைக்கு அது இல்லை. நூறு நாள் வேலையில் மண்ணை அளந்து கூலி போட்டார்கள். ஒருத்தி மெதுவாக வெட்டினால் கூட இருக்கிறவர்களின் கூலியும் குறையும். அதனால் அவளை அதட்டுவது மேஸ்திரி மட்டுமல்ல, பக்கத்தில் வெட்டுகிற நம் பெண்களுந்தான். புளி தட்டுகிற வேலையில் கிலோ கணக்கு. பெங்களூர் கட்டட வேலையில் ஆள் கணக்கு. அந்தப் பெங்களூரில்தான் நிமான்ஸ் இருக்கிறது, மூளைக்கும் மனசுக்குமான பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் ஆட்கள் வாரம்தோறும் அந்த ஊருக்குப் போகிறார்கள், சித்தாளாக.

2020 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனாவிலிருந்து தேறியவர்களுக்கு ஒரு வழிமுறை வெளியிட்டது. யோகா, மூச்சுப் பயிற்சி, காலையில் ஒரு ஸ்பூன் சியவன்பிராஷ், மஞ்சள் பால். நடைப்பயிற்சியும் உண்டு. நாள் முழுக்கக் குப்பை வண்டி தள்ளுகிறவளுக்கு நடைப்பயிற்சி! நரம்புச் சிக்கல்களையும் சேர்த்து விரிவான வழிகாட்டுதல் 2021 அக்டோபரில்தான் வந்தது. அது டாக்டர்களுக்கானது. தெருவுக்கு வரவில்லை.

*

இனி நம்மைப் பற்றி. மற்றவர்களைத் திட்டிவிட்டு முடித்துக்கொண்டால் இந்தக் கட்டுரை அரைக் கட்டுரை.

இரண்டாம் அலைக்குப் பிறகு நம் தோழர் ஒருவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். மாணவர்களைத் திரட்டுவதில் கெட்டிக்காரர். போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தால் எரிந்து விழுவார். துண்டறிக்கை எழுதித் தருகிறேன் என்று சொல்லி மூன்று தடவை ஏமாற்றினார். 'ஆளு பின்வாங்கிட்டான்', 'எங்கயோ விலை போயிட்டான்' என்று பேசினோம். நானும் பேசினேன். என் மூளைக்குள் நாற்பத்தேழுக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் இருந்த அதே மாதங்களில் நான் அவரைப் பற்றி அப்படிப் பேசினேன். ஒரு வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது சொன்னார்: 'அரைப் பக்கம் படிக்கிறேன். மேல போனா, முதல் வரி என்னன்னு தெரியல. இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? மத்தவன் சிரிக்கிறது இருக்கட்டும். நீங்க என்ன நெனைப்பீங்க?'

நம்மிடம் சொல்ல அவருக்கு ஏன் கூச்சம்? ஏனென்றால் நாமும் ஒரு கற்பிதத்தைச் சுமக்கிறோம். தலித் உடல் என்றால் உழைக்கும் உடல், உரமான உடல், பறையடிக்கிற கை, திமிறி எழுகிற தோள். நம் கவிதைகளில் (என்னுடையதையும் சேர்த்துத்தான்) ரத்தம் இருக்கும், வியர்வை இருக்கும், கோபம் இருக்கும். நரம்புத் தளர்ச்சி இருக்காது, தூக்கமின்மை இருக்காது, வார்த்தை வராமல் விழிக்கிற முகம் இருக்காது. உடம்பு மட்டுமே உனக்கு என்று ஆதிக்கசாதி ஒதுக்கித் தந்ததை நாம் பெருமையாக மாற்றிப் பாடினோம். மூளையும் நமக்கு உண்டு, ஆகவே அதற்கும் நோய் வரும் என்பதைப் பாடவில்லை. 'பேய் புடிச்சிருக்கு' என்று நம் தெருவே சொல்லும்போது பகுத்தறிவு பேசிச் சிரித்தோமே தவிர, பேய்க்குப் பதிலாக என்ன பெயர் சொல்வது என்று கற்றுத்தரவில்லை. பெயர் தராமல் பேயை மட்டும் பிடுங்கினால் அவளிடம் மிஞ்சுவது 'சோம்பேறி' என்கிற வசவுதான். 2001இல் ஏர்வாடியில், ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். ஊரில் பெயர் கிடைக்காமல், வைத்தியம் கிடைக்காமல்தான் ஜனங்கள் அந்த மாதிரி இடங்களுக்குத் தங்கள் ஆட்களைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகவே சில கோரிக்கைகள். பெரிய கோரிக்கைகள் இல்லை.

2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். நல்ல திட்டம். அந்தப் பெண்களின் நோட்டில் மூன்று கேள்வி சேரட்டும்: காய்ச்சலுக்குப் பிறகு தூக்கம் மாறியதா? ஞாபகம் மாறியதா? வேலை செய்த மறுநாள் எழ முடியாமல் போகிறதா? 'ஆம்' என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு பரிசோதனை இலவசமாக, ஒரே நாளில், கூலி போகாத நேரத்தில் நடக்க வேண்டும்.

தூய்மைப் பணியாளர்களுக்கு, ஒப்பந்தமோ நிரந்தரமோ, காய்ச்சலுக்குப் பிறகு சம்பளத்தோடு விடுப்பும், திரும்பியதும் சில மாதம் இலகுவான வேலையும் உரிமையாக வேண்டும். கொரோனாச் சீட்டு இல்லை என்று சொல்லி மறுக்கக் கூடாது. சீட்டு வாங்கவிடாத வேலையைக் கொடுத்தவர்களே சீட்டைக் கேட்பது அயோக்கியத்தனம்.

தொற்றுநோய்க் கணக்குகள் சாதிவாரியாக வெளிவர வேண்டும். 1918இல் முடிந்தது இப்போது ஏன் முடியாது?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. இரவுப் பாடசாலை நடத்துகிறீர்கள். அந்த வீடுகளில் காய்ச்சலுக்குப் பிறகு மாறிப்போன ஆள் ஒருவராவது இருப்பார். போய்ப் பேசுங்கள். 'எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள். கேட்டு எழுதிவையுங்கள். பெயர் வேண்டாம், தேதி போதும். கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளையின் அம்மாவிடமும் கேளுங்கள்.

எங்கள் அத்தைக்கு ரத்தசோகை இருந்ததும், தைராய்டு சரியாக இருந்ததும் 2022இல் தெரிந்தது, தருமபுரிக்கு மூன்று தடவை போய்வந்த பிறகு. ரத்தசோகைக்கு மாத்திரை தின்றாள். கொஞ்சம் தெளிந்தாள், முழுசாக இல்லை. இப்போதும் சில நாள் முக்கில் நிற்கிறாள். ஆனால் 'காய்ச்சலுக்குப் பின்னால வந்தது இது, எம்மேல தப்பில்ல' என்று அவளால் சொல்ல முடிகிறது. மேஸ்திரியிடமும் அதைச் சொன்னாளாம். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். 'ஒண்ணும் சொல்லல. மொத தடவையா ஒண்ணும் சொல்லல' என்றாள்.

நான் மறுபடி கேஷில்தான் உட்காருகிறேன். ரூபாய் குறைவதில்லை. நீண்ட கவிதை எழுத வருவதில்லை. இந்தக் கட்டுரையையே அரைமணி அரைமணியாக இரண்டு மாதம் எழுதினேன். அன்று பின்னாலிருந்து பேசிய அந்தக் குரலுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வார்த்தை வராத நாள் அது. இப்போது சொல்கிறேன்: சார், எட்டு வருஷம் சரியாக இருந்தது. 2021 ஜூனிலிருந்துதான் இப்படி. ஏன் என்று நீங்கள் கேட்டிருக்கலாம்.